காலையில் மட்டும் மங்கும் கண்: கருவிழியின் உள்ளடுக்கை மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 66. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கண்ணில் நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். இடது கண்ணில் புரை அப்படியே இருந்தது. வலது கண் மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம், சில நாட்களில் மணல் விழுந்ததுபோல் உறுத்தலும் வலியும் என்று வந்தார். (யாரையும் அடையாளம் காண முடியாதபடி, இதே நோயோடு வருபவர்கள் பலரின் போக்கை ஒரே நோயாளியின் கதையாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

கையில் மூன்று கண்ணாடிச் சீட்டுகள் வைத்திருந்தார். மூன்றும் ஒரே ஆண்டில் வாங்கியவை, மூன்றிலும் வலது கண்ணின் பவர் வேறு வேறு. ஒன்றைக் காலையில் சோதித்திருக்கிறார்கள், இன்னொன்றைச் சாயங்காலம். எந்தக் கண்ணாடியும் ஒத்துவரவில்லை என்று மூன்றையும் பையிலேயே வைத்திருந்தார்.

“எப்போது அதிகம் மங்கலாக இருக்கிறது, அம்மா?” என்று கேட்டேன்.

“காலையில எழுந்ததும் ஒண்ணுமே தெரியாது டாக்டர். புகை மூடின மாதிரி இருக்கும். முன்னெல்லாம் பத்து மணிக்கு மேல தெளிஞ்சிடும். இப்ப சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்கு.”

பாதி நோயறிதல் இந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. கண்புரையால் வரும் மங்கல் கடிகாரம் பார்ப்பதில்லை. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். விழித்திரைக் கோளாறும் அப்படியே. எழுந்தவுடன் மோசமாக இருந்து, நேரம் போகப் போகத் தெளிகிறது என்றால் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கண்ணாடிபோன்ற கார்னியாவில், தண்ணீர் சேர்கிறது என்று பொருள். இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் கண்ணின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாக வழியில்லை. கண்ணைத் திறந்து வைத்த பிறகு மெல்ல மெல்ல ஆவியாகி, கருவிழி கொஞ்சம் வற்றி, பார்வை தெளிகிறது. பரிசோதனைக் கருவி எதையும் தொடுமுன்னே கிடைக்கிற தகவல் இது. ஆனாலும் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை.

பரிசோதனையில் கண்டது

வலது கண்ணில் பார்வை 6/60 (இயல்பு 6/6). கண்ணாடி போட்டும் அதில் முன்னேற்றம் இல்லை. இடது கண்ணில் கண்ணாடியோடு 6/18. கண் அழுத்தம் வலதில் 14, இடதில் 15, இரண்டும் இயல்பு.

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் வழியாகப் பார்த்தபோது வலது கருவிழி வீங்கி, தேய்த்த கண்ணாடிபோல் மங்கியிருந்தது. மேல்தோலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அவைதான் அந்த மணல் உறுத்தலுக்குக் காரணம். கொப்புளம் உடைந்தால் அடியில் இருக்கும் நரம்பு முனைகள் வெளியே தெரியும். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக உள்ள இடங்களில் கருவிழியும் ஒன்று என்பதால் வலி சாதாரணமாக இருக்காது. கண்புரை அறுவையில் வைத்த லென்ஸ் அதன் பையிலேயே, சரியான இடத்தில் உட்கார்ந்திருந்தது. கருவிழியின் தடிமன் நடுவில் 712 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இயல்பு 540ஐ ஒட்டி இருக்க வேண்டும். உள்ளடுக்குச் செல்களை எண்ணும் கருவியால் வீக்கத்தின் ஊடாக எதையும் படிக்க முடியவில்லை.

இடது கண்தான் கதையைச் சொன்னது. கத்தியே படாத அந்தக் கண்ணிலும் கருவிழியின் உட்பக்கத்தில், அடித்துத் தட்டிய உலோகத் தகட்டில் தெரியும் குழிகள்போல, நூற்றுக்கணக்கான புள்ளிகள். இவற்றை ‘கட்டே’ (guttae) என்கிறோம். தடிமன் 622 மைக்ரான். விசாரித்தால் அந்தக் கண்ணிலும் காலையில் ஒரு மணி நேரம் மங்கல் உண்டு என்றார். வலது கண் மோசமாக இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை, அவரும்கூட.

நோயின் பெயர் ஃபுக்ஸ் எண்டோதீலியல் டிஸ்ட்ரோஃபி. வியன்னாவில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910இல் விவரித்தது. நடுத்தர வயதுக்குப் பிறகு வெளிப்படும், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும்.

கருவிழி ஏன் வீங்குகிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இதைப் பொறுத்தவை. அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன் உள்ள கருவிழியில் அடுக்குகள் பல. மேலே மேல்தோல்; அது காயம்பட்டால் சில நாட்களில் தானே வளர்ந்துவிடும். நடுவில் ஸ்ட்ரோமா, மொத்தத் தடிமனில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இதுதான், கொலாஜன் இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பகுதி. அந்த ஒழுங்கால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அதற்கும் உள்ளே டெஸ்ஸமே சவ்வு, சுமார் 10 மைக்ரான். கடைசியாக, கண்ணுக்குள் இருக்கும் நீரைத் தொட்டபடி ஒற்றை வரிசைச் செல்கள்: எண்டோதீலியம்.

ஸ்ட்ரோமாவுக்கு எப்போதும் தண்ணீரை உறிஞ்சும் குணம் உண்டு. உள்ளே கசியும் நீரை இரவு பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருப்பது அந்த ஒற்றை வரிசை. பெரியவர்களிடம் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 முதல் 3,000 செல்கள் இருக்கும். வயதோடு ஆண்டுக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். செத்த செல்லுக்குப் பதிலாகப் புதியது பிறப்பதில்லை. பக்கத்துச் செல்கள் பெரிதாகி இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். எண்ணிக்கை ஐந்நூறு, எழுநூறுக்குக் கீழே போனால் தண்ணீர் ஜெயித்துவிடும். கொலாஜன் இழைகளுக்கு நடுவே நீர் புகுந்து ஒழுங்கு கலைந்தால், கண்ணாடியாக இருந்த திசு புகைமூட்டமாகிவிடும்.

“ஆபரேஷனைக் கெடுத்துட்டாங்களா?”

உடன் வந்த மகளுக்கு இருந்த முதல் சந்தேகம் இது. புரை எடுத்த பிறகுதான் கண் கெட்டது, அப்படியானால் எடுத்தவர்கள்தானே காரணம்?

இல்லை என்பதற்கு இடது கண்ணே சாட்சி. அறுவை சிகிச்சை நடக்காத கண்ணிலும் அதே புள்ளிகள், அதே காலை மங்கல். எந்தக் கண்புரை அறுவையிலும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், எண்டோதீலியச் செல்களில் ஒரு பகுதி போகும். கையிருப்பு நிறைய உள்ள கண் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே விளிம்பில் நின்ற கண் தாங்காது. புரை எடுக்கும் முன் செல்களை எண்ணிப் பார்த்து, இப்படி ஆகலாம் என்று எச்சரித்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காது என்பது உண்மைதான். நோயை அறுவை சிகிச்சை உண்டாக்கவில்லை, வெளியே கொண்டுவந்தது என்று மகளிடம் சொன்னேன். அவர் முழுக்க ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் 5 சதவீத உப்புச் சொட்டு மருந்து. கருவிழியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். காலையில் ஹேர் டிரையரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, மிதமான காற்றைக் கண் பக்கம் சில நிமிடங்கள் விடச் சொல்வதும் உண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஆவியாவதை விரைவுபடுத்துகிற எளிய வழி அது. ஆரம்ப நிலையில் இவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓட்டும். கொப்புளம் வந்துவிட்ட வலது கண்ணுக்கு இவை போதாது. வலியைக் குறைக்க பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டு, மாற்று அறுவைக்குப் பெயர் எழுதினோம்.

எந்த அடுக்கை மாற்றுவது?

கருவிழி மாற்று அறுவை என்றால் முழுக் கருவிழியையும் வெட்டி எடுத்து, இன்னொருவருடையதை வைத்துத் தைப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். நூறு ஆண்டு காலம் அப்படித்தான் இருந்தது. 1905 டிசம்பர் 7 அன்று, இன்று செக் நாட்டில் உள்ள ஓலமோட்ஸில் எட்வர்ட் ஸிர்ம் செய்த அறுவைதான் மனிதரில் வெற்றிபெற்ற முதல் முழுக் கருவிழி மாற்று. சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு, காயத்தால் கண்ணை அகற்ற வேண்டிவந்த ஒரு சிறுவனின் கருவிழியைப் பொருத்தினார். இரு கண்ணிலும் வைத்ததில் ஒன்று நிலைத்தது.

முழு மாற்று இன்றும் தேவைப்படும் அறுவைதான். ஆனால் அதற்கு விலை உண்டு. தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலான் இழையால் பெரும்பாலும் பதினாறு தையல். அவை ஒரு வருடத்துக்கு மேலும் கண்ணில் இருக்கும். ஒரு தையல் சற்று இறுக்கமாக இருந்தாலும் கருவிழி கோணி, கண்ணாடியால் சரிசெய்ய முடியாத அளவுக்கு அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் கோணல் வந்துவிடும். வட்டமாக வெட்டிய அந்த விளிம்பு எந்தக் காலத்திலும் பழைய பலத்துக்குத் திரும்பாது. பத்து ஆண்டுகள் கழித்துப் பட்ட அடியில்கூடத் தையல் கோடு பிரிந்து கண் திறந்த சம்பவங்கள் உண்டு.

இந்த நோயாளியின் ஸ்ட்ரோமாவில் நிரந்தரத் தழும்பு எதுவும் இல்லை. வெறும் வீக்கம். கெட்டது உள்ளே இருக்கும் ஒற்றை வரிசை மட்டும். அதற்காக அரை மில்லிமீட்டர் தடிமனையும் வெட்டி எறிவது ஏன்? நெதர்லாந்தைச் சேர்ந்த கெரிட் மெலஸ் இதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1998இலிருந்து ஒவ்வொரு படியாகப் போனார். முதலில் பின்னடுக்கை மட்டும் மாற்றுவது, பிறகு வெட்டாமல் உரித்தெடுப்பது, 2006இல் டெஸ்ஸமே சவ்வையும் எண்டோதீலியத்தையும் மட்டும் மாற்றும் டீமெக். இதற்கு இடைப்பட்டது டீசெக். அதில் உள்ளடுக்கோடு ஸ்ட்ரோமாவின் மெல்லிய ஏடும் ஒட்டியிருக்கும். மொத்தம் சுமார் 100 மைக்ரானோ சற்று அதிகமோ வரும். டீமெக்கில் வைப்பது 10 முதல் 15 மைக்ரான்தான்.

இரண்டில் எது? டீசெக் திசு கைக்கு அடங்கும், விரியும், எளிதில் கிழியாது. கண்ணுக்குள் கிளாக்கோமாவுக்காக (கண் அழுத்த நோய்) வைத்த குழாய் இருந்தால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸ் சிதைந்திருந்தால், லென்ஸே இல்லாத கண்ணாக இருந்தால் அதைத்தான் நான் எடுப்பேன். டீமெக் பிடிவாதமான திசு. ஆனால் பார்வை சீக்கிரம் திரும்பும், தெளிவும் ஒரு படி கூடுதல். உடல் அதை நிராகரிக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு: 2012இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், இரண்டு ஆண்டுகளுக்குள் நிராகரிப்பு டீமெக்கில் 1 சதவீதம், டீசெக் வகையில் 12, முழு மாற்றில் 18. இந்த அம்மாவின் லென்ஸ் பையில் பத்திரமாக இருந்தது, முன்னறை (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே நீர் நிறைந்த இடம்) ஆழமாக இருந்தது, ஐரிஸ் முழுசாக இருந்தது. டீமெக் என்று முடிவு செய்தோம்.

நோய் வேறு அடுக்கில் இருந்திருந்தால் வேறு பாதை. இளம் வயதில் கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் என்றால் உள்ளடுக்கு நன்றாகவே இருக்கும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால், ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கொலாஜனை இறுக்கி, நோய் முற்றுவதை நிறுத்தலாம். டிரெஸ்டனில் உருவாகி 2003இல் முடிவுகள் வெளியான முறை. முற்றிவிட்டால் டால்க்: மேல்தோலையும் ஸ்ட்ரோமாவையும் மட்டும் மாற்றி, நோயாளியின் எண்டோதீலியத்தை அவருக்கே விட்டுவைப்பது. அதாவது, இந்த அம்மாவுக்குச் செய்வதன் நேர் தலைகீழ். புண் ஆறி எல்லா அடுக்கையும் தழும்பு பிடித்திருந்தால் ஸிர்ம் காலத்து முழு மாற்றுதான்.

கொடையாகக் கிடைத்த திசு

கண் வங்கியிலிருந்து வந்த கருவிழியின் கொடையாளருக்கு வயது 68. செல் எண்ணிக்கை 2,740. “இவ்வளவு வயசானவரோட கண்ணையா வைக்கப்போறீங்க?” என்று மகள் கேட்டார். டீமெக்கைப் பொறுத்தவரை வயதான திசுதான் நல்லது. இளைஞர்களின் டெஸ்ஸமே சவ்வு மெல்லியது; உரித்ததும் சுருட்டிய பாய்போல இறுகிக்கொள்ளும், கண்ணுக்குள் விரிக்கப் படாத பாடு படுத்தும். வயதோடு சவ்வு தடிக்கும், சுருள் தளரும். அறுபது வயதுக்காரரின் திசு வந்தால் அறுவை அரங்கில் எல்லோருக்கும் நிம்மதி. வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டிருந்தேன், புரை எடுத்திருக்கிறேன், என் கண் யாருக்கு ஆகப்போகிறது என்று கண்தானத்துக்குத் தயங்குபவர்கள் இதைக் கவனிக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். இன்றைய பாதுகாப்புத் திரவங்களில் கருவிழியைக் குளிர்நிலையில் 14 நாட்கள் வரை வைத்திருக்க முடிகிறது.

வலது கண்: அறுவை

கண்ணைச் சுற்றி மட்டும் மரக்கச் செய்தோம். முதலில் கொடையாளர் திசு. கருவிழியைத் திரவத்தில் மூழ்கவைத்து, விளிம்பில் கீறி, சவ்வை மிக மெதுவாகப் பாதிவரை உரித்து, மேல் பக்கத்தில் சின்னதாக ஓர் எழுத்தை மையால் பதித்துவிட்டு, மீதியையும் உரித்து, 8 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி எடுத்தோம். திசு நிறமே இல்லாதது. டிரிப்பான் ப்ளூ சாயம் ஏற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். உடனே அது சுருண்டுகொண்டது. செல்கள் உள்ள பக்கம் எப்போதும் சுருளின் வெளிப்புறமாக இருக்கும், எனவே தொட்டால் போச்சு.

அப்புறம் நோயாளியின் கண். வீங்கிய மேல்தோல் பார்வையை மறைத்ததால் அதை நடுவில் சுரண்டி எடுத்தேன், அது வளர்ந்துவிடும். ஐரிஸில் ஆறு மணி திசையில் சிறு துளை. உள்ளே வைக்கும் வாயு கண்மணியை அடைத்தால், ஐரிஸுக்குப் பின்னால் உள்ள நீர் முன்னே வர வழியில்லாமல் அழுத்தம் திடுமென ஏறிவிடும். அதற்கான மாற்றுவழி இந்தத் துளை. அடுத்து முன்னறையில் காற்றை நிரப்பி, வளைந்த கொக்கியால் நோயுற்ற சவ்வை வட்டமாகக் கீறி உரித்து வெளியே எடுத்தேன். எடுத்ததைத் தட்டில் விரித்தபோது அந்தப் புள்ளிகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தன.

நீலச் சுருளைக் கண்ணாடிக் குழாய் வழியாக, மூன்று மில்லிமீட்டர் அளவுத் திறப்பில் உள்ளே விட்டோம். இனிமேல் திசுவைக் கருவி தொடாது. முன்னறையிலிருந்து கொஞ்சம் நீரை வெளியேற்றி ஆழத்தைக் குறைத்து, கருவிழியின் மேல் வெளியிலிருந்து மழுங்கிய குழலால் தட்டித் தட்டித்தான் சுருளை அவிழ்க்க வேண்டும். ஆழம் அதிகமானால் மீண்டும் சுருண்டுகொள்ளும், குறைவானால் நகராது. சிலருக்கு மூன்று நிமிடத்தில் விரிந்துவிடும். இவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஒரு கட்டத்தில் முக்கால்வாசி விரிந்து, மையால் பதித்த எழுத்து தெரிந்தது. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருந்தது. திசு தலைகீழாகக் கிடக்கிறது. அப்படியே ஒட்டிவிட்டிருந்தால் செல்கள் தவறான பக்கம் போய், மொத்தமும் வீணாகியிருக்கும். நீரைப் பீய்ச்சிப் புரட்டி, மறுபடி முதலிலிருந்து தட்டினோம். எழுத்து நேராகத் தெரிந்தபிறகுதான், திசுவுக்கு அடியில், காற்றைவிட மெதுவாகக் கரையும் எஸ்எஃப்6 வாயுவை 20 சதவீத அளவில் செலுத்தி அதைக் கருவிழியோடு சேர்த்து அழுத்தினோம். தையலால் பிடிக்கப்பட்ட திசு அல்ல இது. மேலே எழும்பும் குமிழி தாங்கிப் பிடிப்பதால்தான் ஒட்டுகிறது.

அதனால் நோயாளிக்கு ஒரே வேலை: மல்லாந்து படுத்து, கூரையைப் பார்ப்பது. சாப்பிடவும் குளியலறைக்கும் மட்டும் எழலாம். எழுதிக் கொடுப்பதற்கு ஒரு வரி. கழுத்து வலியும் முதுகு வலியும் உள்ள ஒருவருக்கு நாலைந்து நாள் அப்படிக் கிடப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு வரி சொல்வதில்லை. எனவே, அறுவைக்கு முந்தைய வாரமே வீட்டில் அரைமணி நேரம் மல்லாந்து படுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

ஐந்தாம் நாள்

முதல் நாள் குமிழி முன்னறையில் முக்கால் பங்கை நிறைத்திருந்தது, அழுத்தம் சரி, திசு முழுக்க ஒட்டியிருந்தது. ஐந்தாம் நாள் குமிழி பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒளியால் குறுக்குவெட்டுத் தோற்றம் காட்டும் ஓசிடி படத்தில் கீழ்ப்பகுதியில் திசு விலகி, கருவிழிக்கும் அதற்கும் நடுவே கறுப்பான இடைவெளி. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் நடுவை நோக்கி வளர்வதாகத் தெரிந்தது. கேட்டதில், மூன்றாம் இரவிலிருந்து முதுகு தாங்காமல் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுத்திருக்கிறார். தலை உயர்ந்தால் குமிழி மேலே போகும், கீழ்விளிம்புக்குத் தாங்கல் இருக்காது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வரைபடம் வைத்தாற்போல் படுத்திருந்தவர்களிடமும் விலகல் வருவதுண்டு. டீமெக்கில் அடிக்கடி நேர்கிற சிக்கல் இதுதான்.

சின்ன விளிம்பு விலகல் தானாக ஒட்டிக்கொள்ளும், காத்திருக்கலாம். நடுவை நெருங்கும் விலகலுக்குக் காத்திருப்பது வீண். மறுநாள் சொட்டு மருந்தால் மட்டும் மரக்கச் செய்து, மெல்லிய ஊசியால் மீண்டும் வாயு ஏற்றினோம். பத்து நிமிட வேலை. இந்த முறை முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் கொடுத்தோம்; முதுகு வலி பாதியாகக் குறைந்தது என்றார். அதை முதல் நாளே செய்வது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இரண்டு வாரத்தில் பார்வை 6/18. ஒரு மாதத்தில் 6/12. மூன்றாம் மாதம் 6/9, தடிமன் 531 மைக்ரான். காலை மங்கல் போய்விட்டது.

ஏழாம் வாரத்தில் ஒரு குறுக்கீடு. நிராகரிப்பைத் தடுக்கப் போட்டுக்கொண்டிருந்த பிரெட்னிசோலோன் சொட்டால் கண் அழுத்தம் 28க்கு ஏறியது. ஸ்டீராய்டுக்குச் சிலரின் கண் இப்படித்தான் பதில் சொல்லும். விட்டுவைத்தால் கிளாக்கோமா, ஸ்டீராய்டை அடியோடு நிறுத்தினால் நிராகரிப்பு. டீமெக்கின் நிராகரிப்பு விகிதம் குறைவு என்பது இங்கேதான் கைகொடுத்தது. வீரியம் குறைந்த ஃப்ளூரோமெத்தலோனுக்கு மாற்றி, அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டைச் சில வாரங்கள் சேர்த்தோம். 16க்கு இறங்கியது. முழு மாற்று செய்த கண்ணாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் துணிந்திருக்க மாட்டேன்.

இடது கண்

ஆறு மாதம் கழித்து இடது கண். இங்கே கேள்வி வேறு: புரையை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பதா, உள்ளடுக்கையும் சேர்த்தே மாற்றுவதா? காலை மங்கல் இல்லை, தடிமன் இயல்பை ஒட்டி இருக்கிறது என்றால் புரையை மட்டும் எடுப்பேன். பல ஃபுக்ஸ் கண்கள் அதோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடும். இவருக்கு மங்கல் இருந்தது, தடிமன் 622, வலது கண்ணில் என்ன நடந்தது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே அமர்வில் செய்தோம்.

லென்ஸ் பவர் கணக்கில் ஒரு சூட்சுமம். உள்ளடுக்கு மாற்றியபின் வீக்கம் வடிந்து கருவிழியின் பின்வளைவு மாறுவதால், கண் தூரப்பார்வைப் பக்கம் சற்றுச் சாயும். டீமெக்கில் அரை டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அளவு, டீசெக்கில் ஒன்று, ஒன்றரை. அதை முன்கூட்டியே ஈடுகட்ட, மைனஸ் 0.75ஐக் குறிவைத்து லென்ஸ் தேர்ந்தெடுத்தோம். கணக்கு ஆசிரியைக்கு இது பிடித்துப்போய், சூத்திரத்தையே கேட்டார். கிட்டவும் தூரமும் ஒருசேரத் தெரியும் மல்டிஃபோகல் லென்ஸ் வைக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றோம். அந்த லென்ஸ் ஒளியைப் பங்கிட்டுத்தான் வேலை செய்யும். நோய்ப்பட்ட கருவிழி ஏற்கெனவே ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது, மாற்றிய பிறகும் அது முழுக்கப் புதிதாகிவிடாது. படிக்க ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது அதைவிட மேல்.

இந்த முறை சுருள் நான்கு நிமிடத்தில் விரிந்தது. விலகலும் இல்லை. இரண்டாம் மாதம் 6/6. ஸ்டீராய்டு அழுத்தத்தை ஏற்றும் என்று தெரிந்திருந்ததால் தொடக்கத்திலிருந்தே அளவைக் கட்டுக்குள் வைத்தோம்.

அதன்பின் இரண்டு கண்ணையும் ஒப்பிட்டு, “இடதுதான் நல்ல கண்ணு” என்று சொல்ல ஆரம்பித்தார். உண்மைதான். வலது கருவிழி ஆண்டுக்கணக்கில் வீங்கிக் கிடந்ததால் ஸ்ட்ரோமாவில் மெல்லிய மங்கல் தங்கிவிட்டது. உள்ளடுக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அதை முழுக்க எடுக்க முடியாது. கொப்புளம் வரும்வரை தள்ளிப்போட்டதற்கும் முன்பே செய்ததற்கும் உள்ள வேறுபாடு ஒரே முகத்தில், இரண்டு கண்களில் தெரிகிறது. பார்வை முழுக்கப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது முழு மாற்று மட்டுமே இருந்த காலத்தின் கணக்கு. அன்று ஆபத்து அதிகம் என்பதால் அது நியாயமாகவும் இருந்தது. இன்று அந்தக் கணக்கு செல்லாது என்பது என் கருத்து. இன்னும் பலர் அப்படித்தான் காத்திருக்கிறார்கள்.

வலது கண்ணில் ஓர் ஆண்டு முடிவில் செல் எண்ணிக்கை 1,640. 2,740இலிருந்து இவ்வளவு இறங்கியதைப் பார்த்து மகள் பயந்தார். திசுவை உரித்து, குழாயில் ஏற்றி, விரிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கோ சற்று அதிகமோ செல்கள் போவது டீமெக்கில் சாதாரணம். அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். பிறகு இறக்கம் மெதுவாகிவிடும். இருக்கும் செல்கள் பல ஆண்டுகளுக்குப் போதுமானவை. என்றாவது தேய்ந்துபோனால் பழைய சவ்வை உரித்துவிட்டுப் புதிதாக இன்னொன்றை வைக்கலாம், தையல் தழும்பு எதுவும் குறுக்கே நிற்காது.

நாளைக்குக் கொடையாளர் திசுவே வேண்டாமா என்றும் பேச்சு வந்தது. நடுவில் மட்டும் புள்ளிகள் உள்ள சிலருக்கு, சவ்வின் நடுப்பகுதியை உரித்துவிட்டு எதையும் வைக்காமல், ஓரத்துச் செல்கள் நகர்ந்துவந்து மூடக் காத்திருப்பது ஒரு முறை. கியோட்டோவில் ஷிகேரு கினோஷிட்டா குழு, ஆய்வகத்தில் வளர்த்த எண்டோதீலியச் செல்களை ஊசியால் முன்னறைக்குள் செலுத்தி, 11 பேரிடம் கிடைத்த முடிவுகளை 2018இல் வெளியிட்டது. செலுத்தியபின் நோயாளி மூன்று மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும். ஒரு கொடையாளரின் செல்களைப் பெருக்கிப் பல கண்களுக்குத் தரலாம் என்பதுதான் அதன் பெரிய ஈர்ப்பு. இந்த அம்மாவின் வலது கண்போல் ஸ்ட்ரோமா மங்கியபின் வருபவர்களுக்கு அதனாலும் முழுத் தெளிவு கிடைக்காது.

கடைசி வருகையில், போகும் முன் அவர் கேட்டது மகளைப் பற்றி. “இவளுக்கும் வருமா டாக்டர்?” மகளுக்கு 41 வயது, எந்தக் குறையும் இல்லை, சோதிக்க வேண்டாம் என்று மறுத்தவரை அம்மாதான் நாற்காலியில் உட்காரவைத்தார். இரண்டு கண்ணிலும் நடுவில் சிதறலாகச் சில புள்ளிகள். தடிமன் 538, செல் எண்ணிக்கை 2,410. இப்போதைக்கு மருந்து தேவையில்லை, அறுவையும் தேவையில்லை. பலருக்கு இது வாழ்நாள் முழுக்க இதே அளவில் நின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு முறை எண்ணிப் பார்க்கச் சொன்னோம். என்றைக்காவது கண்புரை எடுக்க நேர்ந்தால், லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால், அந்த மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டிய தாளாக இந்த எண்களை எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்தோம்.